கூட்டிக் காட்டிய கோல்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் வயலுக்கு வடிவம் கொடுத்தது கண்மாய். கரை வளைந்து கிடக்கும். மடையிலிருந்து இறங்கும் வாய்க்கால் சரிவு போன போக்கில் போகும். அதையொட்டி அமைந்த வயல்களுக்கு நான்கு மூலையும் செங்கோணமாக வாய்ப்பது அரிது. இத்தகைய நிலத்தை அளக்க நாட்டில் நெடுங்காலம் வழங்கிய வழி எளியது: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அந்த இரண்டு பாதிகளையும் பெருக்குவது. கி.பி. 628இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இதைத் தோராயம் என்றே குறித்துவிட்டு, நுட்பமான சூத்திரம் ஒன்றைத் தனியே தந்தார். தோராயம் என்பதைவிட முக்கியமானது, இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்பது. நாற்கோண வயலை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். எந்த முக்கோணத்தின் பரப்பும் அதன் இரு பக்கங்களின் பெருக்கத்தில் பாதியைத் தாண்டாது. இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டிப் பார்த்துச் சராசரி எடுத்தால், பழைய வழியின் விடை உண்மைப் பரப்புக்குக் குறையவே குறையாது என்பது தெளிவாகும். செவ்வகத்தில் மட்டும் இரண்டும் சமம். 40 கோல் நீளமும் 30 கோல் அகலமும் உள்ள இணைகர வயலுக்குக் கணக்கில் 1200 குழி (ஒரு குழி என்பது ஒரு சதுரக் கோல்). அதன் மூலை 60 பாகையாகச் சாய்ந்திருந்தால் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 1039 குழிதான்.

பெரும்பாலான வயல்கள் செவ்வகத்துக்கு நெருக்கமானவை, பிழை அற்பம் என்று சொல்லலாம். அதே வயலின் மூலை 80 பாகை என்றால் மிகை 18 குழிதான், அது உண்மை. ஆனால் வளைந்த கரையடியில் உள்ளவருக்கு அந்தச் சமாதானம் உதவாது. வரியாக விளைச்சலில் பங்கு வாங்கிய காலத்தில் பரப்பு அவ்வளவு முக்கியமில்லை என்பதும் சரியே. ஆனால் உழவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் பரப்புக்கு இவ்வளவு என்று பணமாகத் தீர்வை விதித்தால், இல்லாத குழிக்கும் உழவர் செலுத்த நேரும். சென்னை மாகாண நில அளவைத் துறை வயலை முக்கோணங்களாகப் பிரித்து, வளைவுக்குக் குத்தளவு (நேர்கோட்டிலிருந்து வளைவுவரை செங்குத்தாக அளந்த தூரம்) எடுத்துப் புலப்படம் வரைந்ததன் பெருமை இங்கேதான் இருக்கிறது. குத்தளவுகளை நேர்கோட்டால் இணைக்கும் சரிவக விதியிலும் பிழை உண்டு. வெளிப்புறம் புடைத்த கரையில் அது பரப்பைக் குறைத்தே காட்டும். ஆனால் இடைவெளியைப் பாதியாக்கினால் அந்தப் பிழை ஏறக்குறைய கால்பங்காகும். வளைவு சீராக இருந்தால், நேர்கோட்டுக்குப் பதில் பரவளையத்தால் இணைக்கும் சிம்சன் விதியில் பதினாறில் ஒன்றாகும். எவ்வளவு உழைத்தால் பிழை எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற அளவைதான் நியாயமான அளவை. பிழையே இல்லாத கோல் எங்கும் இருந்ததில்லை. பிழையின் எல்லையை அறிவது நிலத்துக்கு உரியவரின் உரிமை.