டவர் கேட்வே: பழைய பாலத்தின் முனை

லண்டனின் டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் 1987 ஆகஸ்ட் 31 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டபோது, அதன் நகர முனையம் டவர் கேட்வே. சுரங்க ரயிலுக்கு மாறுபவர்கள் தெருவில் இறங்கி டவர் ஹில் நிலையத்துக்கு நடக்க வேண்டும். இடத்தேர்வே பிழை என்பது பரவலான தீர்ப்பு. நான் அதை ஏற்கவில்லை. இடத்தை முடிவு செய்தது 1840. அவ்வாண்டு ஓடத் தொடங்கிய லண்டன் பிளாக்வால் ரயில்வேயின் மினரீஸ் நிலையம் இங்கேதான் இருந்தது. பாதையின் இரு முனைகளிலும் நிலையாக நிறுத்திய நீராவி என்ஜின்கள் கயிற்றைச் சுருட்ட, பெட்டிகள் அதில் கோத்து இழுபட்டன. இடையிலுள்ள நிலையம் நெருங்கியதும் அதற்குரிய பெட்டியை மட்டும் கழற்றிவிடுவார்கள், கயிறு நிற்காது. என்ஜின்காரர்களுக்குச் சேதி சொன்னது, அன்று புதுச்சரக்கான மின்தந்தி. 1849-ல் கயிறு போயிற்று, 1853-ல் மினரீஸும் மூடப்பட்டது. பாதையைத் தாங்கிய செங்கல் வளைவுப் பாலம் நிலைத்து நின்றது.

அந்தப் பாலம் கையில் இருந்ததால்தான் முதல் இலகு ரயில் அமைப்பு முழுவதும் 7.7 கோடி பவுண்டில் முடிந்தது. அப்படியானால் 1991-ல் நகர மையத்தின் பேங்க் நிலையம் வரை சுரங்கம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ரயிலைத் திட்டமிட்டபோது டாக்லாண்ட்ஸின் கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரங்கள் இல்லை. பின்னர் அவற்றைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனமே சுரங்கச் செலவில் பங்கேற்றது. ஓடிக் காட்டிய ரயிலுக்குத்தான் அந்தப் பணம் வந்தது. முனையமும் மூடப்படவில்லை: 2009-ல் ஒற்றைத் தண்டவாளமாக்கி, ஒருபுறம் இறங்கவும் மறுபுறம் ஏறவும் மேடை அமைத்தார்கள்.