நாள் குறிப்பவர் யார்? சங்கரன்கோவில் வணிகரின் கணக்கு மென்பொருளை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

மைக்ரோசாப்ட் தன் விண்டோஸை 1983 நவம்பரில் அறிவித்தது. சரக்கு கடைக்கு வந்தது 1985 நவம்பரில். இடைப்பட்ட இரண்டாண்டில் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போகாமல் காத்திருக்க அந்த அறிவிப்பு உதவியது. முன்கூட்டிய அறிவிப்புக்கும் தாமதத்துக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. விசைத்தறிச் சேலை வியாபாரம் நடக்கும் சங்கரன்கோவிலுக்கு இது பொருந்தாது என்பதே என் வாதம். இங்கே கணக்கு எழுதுவதற்கான மென்பொருள் என்றால் பெரும்பாலும் டேலிதான். அதன் பதிப்புகளைச் செய்வது பெங்களூரு நிறுவனம். நாள் குறிப்பதோ அரசாணை.

2. சட்டத்தின் தாமதம்

மதிப்புக் கூட்டு வரி பல மாநிலங்களில் 2005 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. அதற்கான வசதியோடு டேலி 7.2 அந்த ஆண்டே வெளிவந்துவிட்டது. தமிழ்நாடு அந்த வரிக்கு மாறியது 2007 ஜனவரி 1-இல். மென்பொருள் முந்திக்கொண்டது, சட்டம்தான் பின்தங்கியது.

ஜிஎஸ்டி இதைவிடப் பெரிய சான்று. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் குறித்த நாள் 2010 ஏப்ரல் 1. நடைமுறைக்கு வந்ததோ 2017 ஜூலை 1. எந்த மென்பொருள் நிறுவனமாவது ஏழாண்டு தாமதித்திருந்தால் கடையை மூடியிருக்கும். அதற்குப் பிறகும் தள்ளிவைப்பு ஓயவில்லை. சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் 2018 பிப்ரவரி 1-இல் தொடங்கியது. அன்றே இணையதளம் திணறியதால் நிறுத்திவைத்தார்கள். வெளிமாநிலச் சரக்குக்கு அது கட்டாயமானது ஏப்ரல் 1-இல். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஜூன் 2-இல்.

3. தவணை வெளியீடு

இ-இன்வாய்ஸ் மட்டும் வேறு வழியில் வந்தது. 2020 அக்டோபரில் ஆண்டு விற்பனை 500 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டும் அது கட்டாயமானது. பிறகு வரம்பு 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடிக்கு வந்தது. சிற்றூர் மொத்த வியாபாரியைத் தொடும்போது அதன் பிழைகளில் பெரும்பகுதியைப் பெரிய கம்பெனிகள் பட்டுத் தீர்த்திருந்தன. தாமதத்தால் வாங்குபவருக்கு நன்மை கிடைத்த அரிய இடம் இது. மென்பொருள் நூல்கள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

4. மேசைக்கு வரும்போது

2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தது. டேலியின் முந்தைய பதிப்பான ஈஆர்பி 9-இல் கிரெடிட் நோட் போட கன்ட்ரோலும் எஃப்8-ம் அழுத்திய விரல், இனி ஆல்ட்டும் எஃப்6-ம் தேட வேண்டியதாயிற்று. திரையைப் பார்க்காமலே பில் போடும் கணக்குப்பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. பிரைம் 3.0-க்குப் போகும்போது பழைய தரவை மாற்றியும் எடுக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் பேக்கப் எடுக்காமல் அந்த வேலையில் இறங்க எந்த ஆடிட்டர் ஆபீஸும் துணியாது. 'ஏப்ரல் பிறக்கட்டும்' என்று வாடிக்கையாளரும் தன் பங்குக்குத் தள்ளிப்போடுவார். வெளியீட்டு நாள் வேறு, பயன்பாட்டு நாள் வேறு.

கணக்கைத் திருத்தினால் தடயம் பதிய வேண்டும் என்ற விதியும் 2021 ஏப்ரலிலிருந்து 2022-க்கும், பிறகு 2023-க்கும் நகர்ந்தது. அது கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களுக்கு மட்டுமே. தனியுரிமையாகக் கடை நடத்துபவரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் திருத்தத் தடயம் பதியும் வசதி அவருடைய பிரைமுக்கும் வந்து சேர்ந்தது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.

5. ஒரு விலக்கு

சங்கரன்கோவில் அமைந்த அதே தென்காசி மாவட்டத்தில் அலுவலகம் வைத்திருக்கிறது மென்பொருள் நிறுவனமான ஸோஹோ. செய்தி அனுப்ப உதவும் அதன் 'அரட்டை' செயலி 2021-இலேயே வந்தது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர் பரிந்துரைத்ததும் கூட்டம் குவிந்தது. பெரிய வெளியீட்டுக்கு நவம்பரைக் குறித்து வைத்திருந்ததாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அப்போது தெரிவித்தார். சர்வர்களைக் கூட்டும் வேலையும் புது வசதிகளும் அதற்குள் அவசரமாயின. செய்திகளுக்கு முழு மறையாக்கம் எங்கே என்று புதியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டார்கள். இங்கே நாள் குறித்தது அரசாணையும் அல்ல, நிறுவனமும் அல்ல.