பெயருக்கு எழுத்துண்டு, ஒலியில்லை



ஆண்டின் முதல் நாள் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர்களை அழைக்கையில், ஒரு பிள்ளையின் பெயரைப் பிழையாக ஒலித்துவிட்டு அதன் முகம் வாடுவதைக் கண்டிருப்போம். ரோமன் எழுத்தில் வரும் பெயர்ப்பட்டியலில் லகர, ளகர, ழகரம் மயங்குவதால் எனக்கும் இது நேர்ந்ததுண்டு. ஜப்பானிய ஆசிரியரின் நிலை இதனினும் இக்கட்டானது. அவர்முன் எழுத்துகள் தெளிவாக இருக்கும், ஒலி இராது.

சீனாவிலிருந்து பெற்ற எழுத்துகளுக்கு ஜப்பானியர் சீன வழி வந்த ஒலியையும் தம் தாய்மொழிச் சொல்லையும் சேர்த்தே வழங்குகின்றனர். எனவே ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. கிழக்கு, கடல், காடு என்னும் மூன்று எழுத்துகள் ஒரு குடும்பத்தில் 'ஷோஜி' எனவும், வேறொரு குடும்பத்தில் 'தோக்காய்ரின்' எனவும் ஒலிக்கும்.

சில பெயர்கள் விடுகதைகளே. 'சிறு பறவை விளையாடுதல்' என்று எழுதி 'தக்கநாஷி' என்று படிப்பர். 'தக்கா' என்றால் பருந்து, 'நாஷி' என்றால் இல்லை. பருந்து இல்லாத இடத்தில்தானே சிறு பறவை அச்சமின்றி விளையாடும்! 'நிலவு காணும் ஊர்' என்று எழுதினால் 'யமநாஷி', அதாவது மலை இல்லை. ஒன்று என்னும் ஒற்றைக் கோட்டை மட்டும் இட்டு, 'இரண்டுக்கு முன்' எனப் பொருள்படும் 'நினோமாயே' என்று ஒலிப்போரும் உளர். எனக்கு மிகப் பிடித்தது 'நான்காம் மாதம் முதல் நாள்' என்று எழுதப்படும் 'வத்தானுக்கி'. பழைய நாட்காட்டியில் அந்நாளில்தான் குளிர்கால உடையினுள் வைத்துத் தைத்த பஞ்சை நீக்குவர். 'வத்தா' பஞ்சு, 'நுக்கி' நீக்குதல். ஒரு பருவத்தின் வீட்டுவேலையே குடும்பப் பெயராகிவிட்டது.

எதோ காலத்தில் (1603–1868) குடும்பப் பெயரை வெளிப்படையாக வழங்கும் உரிமை சாமுராய் முதலிய சிலருக்கே இருந்தது. உழவரும் வணிகரும் பெயரற்றிருந்தனர் என்று சிலர் எழுதுவது முழு உண்மையன்று. பலர் தமக்குள் ஒரு பெயரை வைத்திருந்தனர், அரசுத் தாளில் எழுத முடியவில்லை, அவ்வளவே. 1870இல் மெய்ஜி அரசு பொதுமக்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. மக்களோ விரைந்து முன்வரவில்லை. 1872இல் நாடளாவிய குடும்பப் பதிவேடு வந்தது. 1873இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. படைக்கு ஆள் எடுக்கப் பெயர் வேண்டுமே! படைத்துறையின் வற்புறுத்தலால் 1875 பிப்ரவரி 13இல் குடும்பப் பெயர் கட்டாயமாயிற்று. முன்னோர் பெயர் தெரியாதோர் புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளவும் ஆணையிடப்பட்டது.

இங்கேதான் வியப்பு. வரிக்கும் போருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைத்த அரசு, அப்பெயரின் ஒலிப்பையும் பதிய வேண்டுமென்று சட்டம் செய்யவில்லை. எழுத்து அரசிடமும் ஒலி குடும்பத்தார் நாவிலும் இருந்தன. ஏறத்தாழ 150 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் படிவங்களில் பெயருக்கு மேலே 'ஃபுரிகானா' என்னும் சிற்றெழுத்தால் ஒலியைக் கேட்டு வாங்கிச் சமாளித்தன.

கணினிவழி நிருவாகம் பெருகவே 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 மே 26இல் நடைமுறைக்கு வந்தது. பெயரின் ஒலிப்பும் இனிக் குடும்பப் பதிவேட்டில் ஏறும். நகராட்சிகள் வீடுதோறும் மடல் அனுப்பி, தாம் குறித்துள்ள ஒலிப்பு சரிதானா என்று வினவின. பெற்றோர் பிள்ளைக்குச் சூட்டும் பெயருக்கும் எல்லை வந்தது: 'உயரம்' என்னும் எழுத்தை இட்டு, தாழ்வைக் குறிக்கும் 'ஹிக்குஷி' என்று ஒலிக்க இயலாது.

ஏற்கெனவே வழங்கிவரும் அரிய ஒலிப்பாயின், கடவுச்சீட்டு போன்ற சான்றைக் காட்டிப் பதியலாம். எனவே வத்தானுக்கி குடும்பத்தார் தம் பஞ்சைத் தொடர்ந்து நீக்கிக்கொண்டிருக்கலாம்.