முதற்படமும் வழிப்படமும்
(‘திருவிளையாடல்’ முதல் ‘வா ராஜா வா’ வரை ஓர் ஆய்வு)

முன்னுரை

ஒரு படம் வெற்றி பெற்றபின் அதன் தொடர்ச்சியாக மற்றொன்று வருமாயின், ‘முன்னதைப் போல் இல்லை’ என்று கூறுவது பலர்க்கும் இயல்பாகிவிட்டது. இக்கூற்று சிற்சில இடங்களில் மெய்யாகலாம். ஆயினும் எவ்வளவையைக் கொண்டு இது கூறப்படுகின்றது என வினவின் விடை கிடைப்பது அரிது. அவ்வளவை தமிழிலக்கண நூல்களிலேயே உளது என்பதும், அதனைக் கொண்டு இயக்குநர் ஏ. பி. நாகராஜன் 1965 முதல் 1969 வரை எடுத்த படங்களை நோக்கின் ஒரு தெளிவு பிறக்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இருவகைப்படுத்தும். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தும். நன்னூலார் இதனினும் ஒருபடி மேற்சென்று, வழிநூல் செய்வோன் முன்னோர் முடிபோடு ஒத்துச் செல்லுதலேயன்றித் தான் வேண்டும் வேறுபாட்டையும் கூறுதல் வேண்டும் என்பர். ஒத்தல் மட்டும் இருப்பின் அது படியெடுத்தலாகும். வேறுபடல் மட்டும் இருப்பின் வழி என்னும் பெயர் அதற்குப் பொருந்தாது. இவ்விரண்டும் ஒருங்கு நிற்றலே வழிநூலின் இலக்கணம். இதனையே ஈண்டு அளவுகோலாகக் கொள்வோம்.

இருவகைத் தொடர்ச்சி

தொடர்ச்சி இருவகைப்படும். முன்னதன் கதைமாந்தரையே கொண்டு கதையை மேற்செலுத்துவது கதைத்தொடர்ச்சி. கதை வேறாயினும் முன்னதன் போக்கும் அமைப்பும் கொண்டு வருவது நெறித்தொடர்ச்சி.

கதைத்தொடர்ச்சிக்குத் தமிழில் மிகப் பழைய சான்று இரட்டைக் காப்பியங்களே. சிலம்பில் சிறுகுழவியாய்த் தோன்றும் மணிமேகலை பின்னைக் காப்பியத்திற்குத் தலைவியாகின்றாள். சிலம்பு ஊழின் வலியைக் காட்டி நின்றது. மணிமேகலையோ அவ்வலிக்கு ஆட்பட்ட மாந்தர் செயற்பாலது யாது என வினவிப் பசிப்பிணி நீக்கலையும் துறவையும் விடையாகத் தந்தது. அவள் அறங்கேட்டு நோன்பு மேற்கொள்ளும் இடம் தொண்டைநாட்டுக் காஞ்சியாதல் கருதற்குரியது. முன்னைக் காப்பியம் விடுத்த வினாவைப் பின்னைக் காப்பியம் எடுத்துக்கொண்டமையாலன்றோ அது தனக்கெனப் பெருமை பெற்றது?

நெறித்தொடர்ச்சிக்குத் திருப்போரூரே சான்று தரும். சமராபுரி எனவும் வழங்கும் இவ்வூர் முருகனை அருணகிரிநாதர் திருப்புகழிற் பாடினார். பதினேழாம் நூற்றாண்டினரான சிதம்பர சுவாமிகள் கோயிலைப் புதுக்கியதோடு, 726 பாடல்கள் கொண்ட திருப்போரூர்ச் சந்நிதிமுறையையும் அருளினார். அதன்கண் அலங்காரம் என்னும் பகுதி, பெயரளவிலேயே கந்தரலங்காரத்தை நினைப்பிக்கும். எனினும் சுவாமிகள் அருணகிரியாரின் சந்தத்தைப் பின்பற்றி நில்லாது, பிள்ளைத்தமிழ், தாலாட்டு, திருப்பள்ளியெழுச்சி எனப் பல்வகைச் சிற்றிலக்கிய வடிவங்களை ஓரூர்க்கே உரியவாக்கினார். ஒத்தலும் வேறுபடலும் ஒருங்கு நின்ற வழிநூல் இது.

தமிழ்த் திரையுலகில் கதைத்தொடர்ச்சி நெடுங்காலம் அருகியே இருந்தது. 1979இல் வந்த ‘கல்யாணராமன்’ 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ எனத் தொடர்ந்தமை முன்னோடியாய சான்றுகளுள் ஒன்று. இந்நூற்றாண்டில் ‘எந்திரன்’ (2010) ‘2.0’ (2018) ஆகவும், ‘இந்தியன்’ (1996) ‘இந்தியன் 2’ (2024) ஆகவும் தொடர்ந்தன. ‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) ஒரே கதை இரு பகுதியாகப் பகுக்கப்பட்டதாகலின் தொடர்ச்சி எனப்படாது. முற்காலத் திரைப்படத்தில் மிகுந்தது நெறித்தொடர்ச்சியே. அதற்குத் தலைசிறந்த சான்று நாகராஜனின் புராணப்பட வரிசை.

முதற்படத்தின் மூலம்

‘திருவிளையாடல்’ 1965 சூலையில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்துநான்கு திருவிளையாடல்களுள் தருமிக்குப் பொற்கிழி அளித்தது, வலை வீசியது, விறகு விற்றது ஆகியவை இப்படத்தில் தொகுக்கப்பெற்றன. ஆயின், தொடக்கத்தே வரும் பழக்கதையும் ஔவையார் முருகனைத் தணிக்கும் பகுதியும் பரஞ்சோதியார் நூலில் இல்லாதவை. தாட்சாயணியின் கதையும் அந்நூற்படலங்களுள் ஒன்றன்று. அது கந்தபுராணத்துத் தட்சகாண்டத்திற்கு உரியது. எனவே நாம் முதற்படம் என வழங்கும் இதுவே பல மூலங்களினின்றும் தொகுத்த வழிநூல் என்பது பெறப்படும்.

இவ்வாறு பலவிடத்துப் பெற்றவற்றை ஒன்றாகப் பிணித்த நூல் யாது? ஒவ்வொரு கதையிலும் ஒரு வாதம் உண்டு. அவ்வாதத்தின் அடியில் ஒரு செருக்கு உண்டு. நக்கீரர் இறைவனோடு பாட்டின் குற்றம் பற்றி வாதிடுகின்றார். தாட்சாயணி கணவனோடு வாதிடுகின்றாள். ஏமநாதன் தன் இசைச்செருக்கால் ஒரு நாட்டையே அறைகூவுகின்றான். பழம்பெறாத முருகனின் சினமும் ஒரு வாதமே. பெரியோர் கூறினும் செய்யினும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டுமா என்னும் வினா படமுழுதும் ஊடுருவி நிற்கின்றது. நக்கீரர் வேடத்தை இயக்குநர் தாமே ஏற்று நடித்தமையும் ஈண்டு நினைக்கத்தகும்.

வழிப்படங்கள்

இதன்பின் 1966இல் ‘சரஸ்வதி சபதம்’, 1967இல் ‘கந்தன் கருணை’, ‘திருவருட்செல்வர்’, 1968இல் ‘திருமால் பெருமை’ எனப் படங்கள் வரிசையாக வந்தன. கே. வி. மகாதேவனின் இசையும், சிவாஜி கணேசனின் நடிப்பும், இயக்குநரின் நாடகத்தமிழும் இவையனைத்துக்கும் பொது. ஆகவே ஒத்தல் என்னும் முதற்கூறு எங்கும் நிரம்பியுள்ளது. வேறுபடல் எந்த அளவிற்று என்பதே ஆராய்தற்குரியது.

‘சரஸ்வதி சபதம்’ விரித்தல் வகையைச் சாரும். கல்வி, செல்வம், வீரம் ஆகிய மூன்றனுள் உயர்ந்தது எது என்னும் ஒரு வினாவே முழுக்கதையாக விரிகின்றது. ஊமைக்குக் கல்வியும், இரந்துண்பாட்குச் செல்வமும், அஞ்சியவனுக்கு வீரமும் வாய்க்க, மூவரும் மோதுகின்றனர். முதற்படத்தில் பல சிறுகதைகளிற் பரந்து கிடந்த வாதம் ஈண்டு ஒரே கதையின் முதுகெலும்பாகியது. கட்டமைப்பளவில் இது முதற்படத்தினும் செறிவுடைத்து எனலாம்.

‘கந்தன் கருணை’ தொகுத்தல் வகையினது. 10,345 பாடல் கொண்ட கந்தபுராணம் ஒரு படத்திற்குள் அடங்குதல் வேண்டின் தொகுத்தலன்றி வேறு வழியில்லை. முருகனின் பிறப்பு, பிரணவப் பொருள் உரைத்தது, சூரனோடு போர், இருமணம் என நிகழ்ச்சிகள் நிரல்படச் செல்கின்றன. இதன் இசைக்காக மகாதேவன் தேசியவிருது பெற்றார். சிறந்த இசையமைப்புக்கென அளிக்கப்பெற்ற முதல் தேசியவிருது அதுவே. ஆயினும் நாடக வன்மையில் இப்படம் முன்னதற்கு ஈடாகாமைக்குக் காரணத்தைப் படத்திற்குள்ளேயே காணலாம். நக்கீரர் இரு படத்தினும் வருகின்றார். முன்னதில் இறைவனை எதிர்த்து நிற்பவர், பின்னதில் சிறைப்பட்டு முருகனை வேண்டி நிற்கின்றார். ஔவையாராகக் கே. பி. சுந்தராம்பாள் இரண்டினும் தோன்றுகின்றார். முன்னதில் சினந்த முருகனோடு சொல்லாடித் தணிப்பவர், பின்னதில் முருகன் வினவ விடையிறுப்பவராகின்றார். மாந்தர் அவரே, பாட்டும் இனியதே, ஆயின் வாதம் அகன்று வழிபாடு நின்றது. பக்திக்கு இது குறையன்று, நாடகத்திற்குக் குறையே.

‘திருவருட்செல்வர்’ தொகைவிரி எனத்தகும். 1964இல் வந்த ‘நவராத்திரி’யில் ஒரே நடிகர் ஒன்பது வேடம் பூண்ட முறையையும், ‘திருவிளையாடல்’ கதைக்கோவை முறையையும் நாகராஜன் இதன்கண் இணைத்தார். சேக்கிழார், சுந்தரர், திருநாவுக்கரசர், திருக்குறிப்புத்தொண்டர் ஆகிய வேடங்களைச் சிவாஜி கணேசன் ஏற்றார். நூலாசிரியரும் அவர் பாடிய அடியார்களும் ஒரே முகத்தில் தோன்றுதல், புலவனும் பாட்டுடைத் தலைவனும் ஒன்றாம் நிலையைக் குறிப்பிற் புலப்படுத்துகின்றது. இதுவே இப்படத்தின் வேறுபாடு. அடுத்து வந்த ‘திருமால் பெருமை’, பெரியாழ்வார், தொண்டரடிப்பொடியாழ்வார், திருமங்கையாழ்வார் ஆகியோர் வரலாற்றை அதே நெறியிற் காட்டிற்று. தெய்வம் மாறியது, நெறி மாறவில்லை. வரிசையில் ஒத்தல் மிக்கு வேறுபடல் குன்றிய படம் இதுவென்பது என் துணிபு.

தொண்டைநாட்டுத் தொடர்பு

இவ்வரிசையில் இதுகாறும் ஆராயப்பெறாத கூறு ஒன்று உண்டு. முதற்படம் பாண்டிநாட்டு மதுரையின் கதை. வழிப்படங்களின் மூலங்களோ பெரும்பாலும் தொண்டைநாட்டை நோக்கி வருகின்றன. கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் காஞ்சிக் குமரகோட்டத்தவர். சேக்கிழார் பிறந்தது குன்றத்தூர். திருக்குறிப்புத்தொண்டர் வாழ்ந்தது காஞ்சி. திருமங்கையாழ்வார் கடல்மல்லையையும் திருவிடவெந்தையையும் பாடியவர். எனினும், மூலங்கள் இந்நாட்டினவாயினும் இந்நாட்டு ஊர்மரபுகள் படங்களில் இடம்பெற்றன எனல் இயலாது.

திருப்போரூரை நோக்குக. முருகன் கடலிற் பொருதது திருச்செந்தூர், நிலத்திற் பொருதது திருப்பரங்குன்றம், வானிற் பொருதது திருப்போரூர் என்பது இக்கோயில் மரபு. மூன்றிடத்துப் போர் என்னும் இம்மரபே ஓர் அழகிய தொடர்ச்சிக் கதை. ‘கந்தன் கருணை’யோ ஆறுபடைவீட்டு முறையைத் தழுவியது, அம்முறையுள் திருப்போரூர் இல்லை. இதனைப் படத்தின் பிழை என்று கூறேன். திருமுருகாற்றுப்படை வகுத்த நெறியைத் தழுவியதாகலின் அதுவும் வழிநூலே. ஆனால் விளைவு எண்ணத்தக்கது. தருமியையும் நக்கீரரையும் இன்று மக்கள் அறிவது பரஞ்சோதியார் வாயிலாகவோ திரையின் வாயிலாகவோ என எண்ணிப்பார்ப்பின், வழிப்படமே முதனூலின் இடத்தைக் கொண்டுவிட்டமை விளங்கும். அந்நிலையில் படம் தொகுத்தது நிலைபெறும், விட்டது மறைந்தொழியும். தொகுப்போர்க்கு இதனினும் பெரிய பொறுப்பு வேறில்லை. ஊர்மரபுகளைப் பதிந்து காத்தல் ஆராய்ச்சி மாணவர் கடனாவதும் இதனாலேயே.

நெறி திரும்பிய இடம்

‘திருமால் பெருமை’ வந்த 1968ஆம் ஆண்டிலேயே நாகராஜன் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தையும் தந்தார். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அதன் மூலம். எழுத்தினின்று திரைக்குப் பெயர்த்தமையால் இதனை மொழிபெயர்ப்பு வகையோடு ஒருபுடை ஒப்பிடலாம். நாதசுரக் கலைஞனும் ஆடல்மகளும் கலைச்செருக்கால் மோதும் இக்கதையில், ஏமநாதன் கதையில் நாம் கண்ட வாதம் தெய்வத்தினின்று மாந்தர்க்கு இறங்கி வந்துள்ளது. புறத்தே நோக்குவார்க்கு இது ‘திருவிளையாடல்’ வழியினதாகத் தோன்றாது. அகத்தே நோக்குவார்க்குத் ‘திருமால் பெருமை’யினும் இதுவே அதன் மெய்யான வழிப்படம் எனத் தோன்றும்.

அதற்கடுத்த ஆண்டில் அவர் திருப்போரூர்க்குத் தெற்கேயுள்ள மாமல்லபுரத்திற்கே வந்தார். 1969இல் வெளியான ‘வா ராஜா வா’வில் சிவாஜி கணேசன் இல்லை, மகாதேவன் இசையும் இல்லை. குன்னக்குடி வைத்தியநாதன் திரையிசையமைப்பாளராய் அறிமுகமானது இப்படத்திலேயே. மாமல்லபுரம் காண வருவோர்க்கு வழிகாட்டியாய்ப் பிழைக்கும் ராஜா என்னும் சிறுவனே கதைத்தலைவன். மூதுரைகள் சிலவற்றை அறியும் அச்சிறுவன், அவை மெய்தாமா எனத் தன் வாழ்விலேயே வைத்துச் சோதிக்கின்றான். தெய்வமில்லை, அரண்மனையில்லை, பல்லவர் கற்கோயில்களும் ஓர் ஏழைச் சிறுவனும் உளர்.

பெரியோர் சொல்லாயினும் ஆராய்ந்தே கொள்ளல் என்பது நக்கீரர் வாயிலாக முதற்படம் எழுப்பிய வினா. அதே வினா நான்காண்டு கழித்து மாமல்லபுரத்துச் சிறுவன் வாயிலாக எழுந்தது. அவையில் நின்ற புலவன் கேட்டதைத் தெருவில் நின்ற சிறுவன் கேட்கின்றான். முடிபு ஒத்தது, கூறும் முறை முற்றும் வேறுபட்டது. நன்னூலார் வகுத்த இலக்கணம் இவ்வரிசையில் முழுமையாக அமைந்த இடம் இதுவே என்க.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, தொடர்ச்சிப்படம் முன்னதிற் குன்றும் என்பது பொதுவிதியாகாது. ‘சரஸ்வதி சபதம்’ கட்டமைப்பில் முன்னதை விஞ்சியது. இரண்டாவது, வெற்றியின் புறக்கூறுகளாகிய நடிகர், இசை, காட்சி, தெய்வம் ஆகியவற்றை மட்டும் தொடர்வது குன்றும்; வெற்றிக்கு அடியாய் நின்ற வினாவைத் தொடர்வது வளரும். மூன்றாவது, உண்மையான வழிப்படம் பலகாலும் தொடர்ச்சி என்னும் பெயரின்றியே வரும். அதனைக் கண்டறிந்து கூறுதல் ஆராய்வோர் கடன்.

இக்காலத்தே பெயரோடு எண் சேர்த்து வரும் படங்களை மதிப்பிடுவோரும், ‘முன்னதைப் போன்றதா?’ என்று வினவுதலை விடுத்து, ‘முன்னது விடுத்த வினாவை இது எடுத்துக்கொண்டதா?’ என்று வினவுவாராக. மணிமேகலையையும் சந்நிதிமுறையையும் நமக்குத் தந்தது அவ்வினாவே.