ஓம் திருத்திய பிழை

ஓம் விதியைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். ஆனால் ஓம் முதலில் வெளியிட்டது தவறான விதி என்பது பலருக்குத் தெரியாது.

ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். 1825இல் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அது காந்த ஊசியை எவ்வளவு திருப்புகிறது என்று அளந்தார். மின்கலத்தின் அழுத்தமோ நிலையாக நிற்கவில்லை. அந்த அளவுகளைக் கொண்டு அவர் அமைத்த சமன்பாடு பிழையாயிற்று.

மின்கலத்திற்குப் பதிலாக வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு பொகென்டார்ஃப் என்னும் அறிஞர் யோசனை கூறினார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். வெப்பநிலை வேறுபாடு மாறவில்லை; ஆகவே மின்னழுத்தமும் மாறவில்லை. 1826இல் உண்மை புலப்பட்டது. சுற்றின் மொத்தத் தடை எத்தனை மடங்கு கூடுகிறதோ, மின்னோட்டம் அத்தனை மடங்கு குறைகிறது. கம்பி நீண்டால் தடை கூடும்; பருத்தால் குறையும்; உலோகம் மாறினால் அதுவும் மாறும்.

1827இல் இதை நூலாக வெளியிட்டார். தாய்நாட்டில் உரிய வரவேற்பில்லை. மனமுடைந்து 1828இல் ஆசிரியர் வேலையைத் துறந்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் அளித்தது. மியூனிக்கில் பௌதிகப் பேராசிரியர் பதவி 1852இல்தான் கிட்டியது, 1854இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் உங்கள் அளவுகள் ஒத்துவரவில்லையா? விடைக்கு ஏற்ப எண்களைத் திருத்தாதீர்கள். முதலில் மின்கலத்தைச் சோதித்துப் பாருங்கள். ஓம் செய்ததும் அதுதான்.