நானோத்துகள் மாசும் கடல் பாலூட்டிகளின் நோயெதிர்ப்பும்

கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்து ஓடைநீர் வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. அதே மாவட்டத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கானுக்குப் பூசும் கிளேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற பொடிகள் சேர்வதுண்டு. சூளையில் வெந்ததும் அவை கண்ணாடிப் படலத்துக்குள் கட்டுண்டுவிடும். கடலுக்குக் கவலை தருவது, இதே சேர்மங்கள் வெயில்காப்புக் களிம்பு போன்றவற்றில் 100 நானோமீட்டருக்கும் சிறிய நானோத்துகள்களாக இருந்து கழுவப்பட்டு வருவதுதான். ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்.

உப்புநீரில் இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிகின்றன. சேற்றுப் புழு, சிப்பி, மீன் என ஏறி ஓங்கில் (டால்பின்) வரை அவை போக வழியுண்டு. பாக் விரிகுடாவின் ஆவுளியா (கடல்பசு) கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால், வண்டலும் அதன் வயிற்றுக்குள் போகிறது. அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனால் ஆற்றுநீருக்கு எல்லைக்கோடு தெரியாது.

உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கிச் செரிப்பது வெள்ளணுக்களின் வேலை. ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு செரிக்காது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2010இல் ஓங்கிலின் வெள்ளணுக்களை டைட்டானியம் டை ஆக்சைடில் வைத்துப் பார்த்தார்கள். நான்கு மணி நேரத்தில் பாதிப்பு தென்படவில்லை; 24, 48 மணி நேரங்களில் டிஎன்ஏ இழைகள் உடைந்திருந்தன. இது கண்ணாடிக் குடுவைச் சோதனை. கடலில் நீந்தும் உயிருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

உடலே நானோத்துகளை உண்டாக்குவதும் உண்டு. ஸ்காட்லாந்தில் கரையொதுங்கிய பைலட் திமிங்கலங்களின் ஈரலிலும் மூளையிலும் பாதரச செலினைடு நானோத்துகள்கள் இருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மீன்வழி வந்த பாதரசத்தைச் செலினியம் பிடித்துக் கட்டி, அதன் நஞ்சைத் தணிக்கிறது. ஆனால் நோயெதிர்ப்புக்கும் அதே செலினியம்தான் வேண்டும். பாதரசம் கூடக்கூடச் செலினியத்தின் இருப்பு கரைகிறது.

தமிழகக் கரைக்கும் பைலட் திமிங்கலங்கள் புதியவையல்ல. 1973இலும் 2016 ஜனவரியிலும் மணப்பாடு பக்கம் அவை கூட்டமாக ஒதுங்கின; இரண்டாம் முறை எண்பதுக்கும் மேல். அவை ஒதுங்கியதற்கு நானோத்துகளே காரணம் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் ஸ்காட்லாந்துக் கண்டுபிடிப்பு பிறந்தது இப்படிக் கரையொதுங்கிய உடல்களிலிருந்துதான். நம் வெயிலில் உடல் விரைவில் அழுகிவிடும். புதைகுழி தோண்டும் முன்பே ஈரல், மண்ணீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் துண்டுகளை உலோகம் கலக்காத கலனில் எடுத்து உறைநிலையில் வைப்பது ஒவ்வொரு கரையொதுங்கலிலும் கட்டாய நடைமுறையாக வேண்டும்.