கள்ளிக்கோட்டைக் கோழி

தம்பானூர் ரயில் நிலையத்தில் கோழிக்கோட்டு வண்டிக்காகக் காத்திருக்கையில், அந்நகரின் பெயர் கடல்கடந்து ஒரு பறவையைச் சேர்ந்த வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. நாம் வான்கோழி என்றும் ஆங்கிலேயர் டர்க்கி என்றும் கூறும் பறவையை டச்சுக்காரர் ‘கல்கூன்’ என்பர். கள்ளிக்கோட்டைக் கோழி என்பதே அச்சொல்லின் பொருள்.

ஆனால், அப்பறவை கள்ளிக்கோட்டைக்கு உரியதன்று, துருக்கிக்கும் உரியதன்று. அதன் தாயகம் வட அமெரிக்கா. மெக்ஸிகோ மக்கள் வளர்த்துவந்த அதனை, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். கொலம்பஸ் கண்ட நிலத்தை இந்தியா என மயங்கிய காலம் அது. 1498இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கியபின் கள்ளிக்கோட்டையின் பெயரும் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது.

ஆங்கிலேயரின் மயக்கம் வேறு. துருக்கி வணிகர் வழியாக வந்த ஆப்பிரிக்கக் கினிக்கோழியைத் துருக்கிக்கோழி என்றழைத்த அவர்கள், அப்பெயரையே புதிய பறவைக்கும் சூட்டினர். துருக்கியரோ இதனை ‘ஹிந்தி’, அதாவது இந்தியப் பறவை, என்கின்றனர்!

இந்தியாவிலோ, 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியை, அதுவரை கண்டிராத விந்தையாகவே ஜஹாங்கீர் நோக்கினார். மன்சூர் என்னும் ஓவியரைக்கொண்டு அதனை வரையச் செய்தார்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இதிலோர் எச்சரிக்கை உண்டு. 1492க்கு முற்பட்ட தமிழ் நூலொன்றில் வான்கோழி என்னும் சொல் வருமாயின், அதனை டர்க்கி என்று பெயர்த்தல் பிழையாகும். சொல் ஒன்றாயிருப்பினும் பறவை வேறு.